குரல் போன பிறகு

1964 ஜூன். பம்பாயின் மாதுங்கா ஸ்டேஷனில் மழை சாய்ந்து அடித்தது. ஒதுங்கி நின்ற கூட்டத்தில் ஒரு கிதார்ப் பெட்டி கோமதியின் முழங்காலில் இடித்தது.

"கண்ணு தெரியலையா?"

"தெரியுதே... அதான் தடுமாறிட்டு," என்றான் பெட்டிக்காரன். மழை சொட்டும் இமைகளுக்குள் சிரிப்பு.

திட்டத்தான் நினைத்தாள்... முடியவில்லை.

பெயர் லாசர். தாராவிக்காரன். கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது ஸ்பெயின் துறைமுகம் ஒன்றில் கற்ற பழைய சோகப் பாட்டுகளை, ஜாஸோடும் ட்விஸ்ட் நடன மெட்டுகளோடும் கலந்து, சர்ச்கேட் ஹோட்டல் ஒன்றில் ஞாயிறு காலைகளில் பாடினான். டைப்பிஸ்ட் கோமதி ஒருநாள் கேட்கப் போனாள். முதலில் கால் தாளம் போட்டது. பிறகு, பாஷையே புரியாமல் கண் நிறைந்தது... அப்புறம் எந்த ஞாயிறும் தவறவில்லை.

செப்டம்பரில் ஒருநாள், ஸ்டேஷனுக்கு நடக்கையில் கேட்டான்.

"பாட்டுக்காக வாறீங்களா... எனக்காகவா?"

மனசு ஒன்று சொல்ல, வாய் வேறொன்று சொன்னது. "பாட்டுக்குத்தான். அதை எடுத்துட்டா உங்ககிட்ட என்ன இருக்கு?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. தொண்டையைத் தடவிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு அவன் பாட வரவில்லை. அவனே தேடி வரட்டும் என்று வீம்பாக இருந்தாள்... நான்கு மாதம். பொறுக்க முடியாமல் ஹோட்டலில் விசாரித்தபோது, டிரம் வாசிப்பவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இனிப் பேச்சே வராது.

டிரம்காரர் சொன்ன விலாசத்தில், தாராவியில் கதவைத் திறந்தவள் அவன் அக்கா இருதயமேரி.

"யாரையும் பாக்க மாட்டேங்கான்மா. உன்னைய முக்கியமா விடக் கூடாதுன்னு எழுதிக் காட்டிட்டான்."

கோமதி உள்ளே போய்விட்டாள். கழுத்தில் கட்டோடு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் பொய் சொன்னேன்... உங்களுக்காகத்தான் வந்தேன். எப்பவும்."

அவன் முதுகு குலுங்கியது. அழுகைக்கும் சத்தம் இல்லை. பிறகு ஒரு காகிதத்தை இழுத்து எழுதினான்.

பம்பாயில் பிறந்தவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தாள்.

"கோ... ம... தி... ன்னு... ஒரு தடவ... கூட... உன்னைக்... கூப்பிடலையே... எவ்வளவு... ஆசையா... இருந்துச்சு... தெரியுமா..."

அதற்கு மேலும் ஒரு வரி இருந்தது. கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. அவன் அவள் விரலைப் பிடித்து, அந்த வரியின் மேல் மெல்ல நகர்த்தினான்.