பதியாத கைரேகை

“விரலைத் தளர்த்துங்க... நான் ஒண்ணும் தின்னுட மாட்டேன்!”

கெஸியா சொன்னதும் அவன் சிரித்தான். மழையில் ஓடி வந்திருந்தான். தாடி நுனியில் நீர் சொட்டியது. அமெரிக்காவின் கிழக்கு ஓக்லண்டில் காலையிலிருந்தே விடாத மழை... சர்ச் ஹாலில் நடந்த இலவச முகாமுக்குக் கூட்டமே வரவில்லை. இப்போது சட்டம் அனுமதிக்கும் கஞ்சாக் கடை லைசென்சுக்கு விண்ணப்பிப்பவர்களின் கைரேகையை எடுப்பது அங்கே அவள் வேலை.

ஆனால் இவனுடைய ரேகை பதிய மறுத்தது. மூன்றாவது முறையும் திரையில் வெறும் மங்கல்.

“என்ன வேலை பாக்குறீங்க, மிஸ்டர் குவின்டன்?”

“டைல்ஸ் ஒட்டுறேன். பன்னிரண்டு வருஷம். நீங்க தின்னலைன்னாலும் சிமெண்ட் தின்னுடுச்சு.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் விரல்களில் க்ரீம் தடவினாள். ஒவ்வொன்றாகக் கருவியின் கண்ணாடி மேல் உருட்டினாள்.

“பத்தொன்பது வயசுல போலீஸ் எடுத்தப்ப ஒரே தடவையில பதிஞ்சுது. அந்த ஆளு இவ்வளவு மெதுவாப் பிடிக்கல, அதான் வித்தியாசம்.”

விளையாட்டாகத்தான் சொன்னான். சட்டைப்பையில் ஒரு சின்னக் கஞ்சாப் பொட்டலம்... அதற்குப் பதினான்கு மாதம் சிறை. அவன் தெருவில் பாதிக் கறுப்பினப் பையன்கள் அப்படித்தான் போனார்கள். இன்று அதே தெரு முனையில் வெள்ளைக்காரர்கள் கஞ்சாக் கடை திறந்திருக்கிறார்கள், வாசலில் வரிசை நிற்கிறது. அன்று மாட்டியவர்களுக்கு லைசென்சில் முன்னுரிமை என்று நகரம் இப்போதுதான் சொல்லியிருந்தது.

கெஸியா நிமிர்ந்தாள். தேன் நிறக் கண்கள்... அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. சட்டென்று திரையைப் பார்த்தாள்.

“பதிஞ்சிடுச்சு!” என்று கத்தியே விட்டாள்.

“அப்படியே இதுலயும் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டுடுங்களேன்” என்று ஒரு ஒப்பந்தத்தை நீட்டினான். கடைக்குப் பணம் போடும் கம்பெனி கொடுத்ததாம். மாலையில் சட்டம் படிப்பவள் அவள். படிக்காமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

“இதுல முடிவெல்லாம் அவங்களோடது. எப்ப வேணும்னாலும் உங்களை வெளிய அனுப்பலாம். உங்க பேரை வச்சு முன்னுரிமையை வாங்கிட்டு, கடையை அவங்க எடுத்துக்குவாங்க. இதுகூடத் தெரியாமலா வந்தீங்க?”

கடைசி வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் உறைத்தது.

அவன் முகம் இறுகியது. “எனக்கு எது நல்லதுன்னு சொல்ல இந்த ஊர்ல ஆளுக்குப் பஞ்சமே இல்ல, மேடம்.”

காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

மூன்று வாரம்... அவன் போன் எண் கோப்பில் இருந்தது. அதை எடுத்துப் பேசுவது முறையில்லை. அதோடு, கோபித்துக்கொண்டு போனவன் அவன்தானே? நான் ஏன் பேச வேண்டும்? இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டவள், நகர மன்றத்தின் லைசென்ஸ் விசாரணைப் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்ததும் லீவு போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

“கடையில முடிவு எடுக்கிறது யாரு?” என்று கேட்டார் அதிகாரி.

“நான். எங்க அக்கா வெர்லின். என்கூட டைல்ஸ் ஒட்டுற ரெண்டு பேரு. வேற யாரும் இல்ல.”

“முதல்ல ஒரு கம்பெனி பேரு இருந்துச்சே?”

“அனுப்பிட்டேன் சார். கடை சின்னதாயிடுச்சு. ஆனா தரை மட்டும் இந்த ஊர்லயே அழகா இருக்கும்.”

சபை சிரித்தது. லைசென்ஸ் கிடைத்தது. கெஸியாவுக்குக் கண் கலங்கியது.

வெளியே படிக்கட்டில் அவன் அவளைப் பிடித்துவிட்டான்.

“வேவு பாக்க வந்தீங்களா?”

“இல்ல... இந்தப் பக்கம் ஒரு வேலை...”

“கடைசி வரிசையில உக்காந்து நகம் கடிக்கிற வேலையா?”

அவள் நேராகப் பார்த்தாள். “அன்னைக்கு நான் சொன்னது சரி. சொன்ன விதம் தப்பு. மன்னிச்சிடுங்க.”

“அந்தக் காகிதத்தை ஒன்பது தடவை படிச்சேன். நீங்க சொன்னது சரின்னு தெரிஞ்சதும் கோவம் இன்னும் ஜாஸ்தியாச்சு.” பிடரியைச் சொறிந்தான். “சர்ச் வாசல் வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். லைசென்ஸோடதான் உங்க முன்னாடி நிக்கணும்னு ஒரு வீம்பு... திரும்பிட்டேன்.”

“கிடைக்காம போயிருந்தா?”

“வந்திருக்க மாட்டேன்... பொய். வந்திருப்பேன்.”

கெஸியா மூச்சை இழுத்துக்கொண்டாள். “குவின்டன்... உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு.”

‘நீங்க’ எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அவ்வளவு பெரிய சபையில் பேசியவன் இப்போது தலையை மட்டும் ஆட்டினான்... திரும்பத் திரும்ப.

“இன்னொரு தடவை சொல்லேன்...”

“முடியாது!”

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அக்கா வெர்லின். “கிடைச்சிடுச்சு, அக்கா!” என்றான். மறுமுனையில் ஒரே கூச்சல். “இரு, இன்னொரு சேதியும் இருக்கு... என்னைவிட இவ நல்லாச் சொல்லுவா” என்று போனை அவளிடம் நீட்டினான். அந்தக் கண்களில் குறும்பு.

கெஸியா வாங்கிக்கொண்டாள்.

“அக்கா, என் பேரு கெஸியா. உங்க தம்பியை எனக்குப் பிடிச்சிருக்கு.”

இரண்டாம் முறை குரல் நடுங்கவே இல்லை.