நாற்பது பேருக்கு நாற்பது இருக்கை

காலை ஐந்தரை மணிக்கு வெளியே வெப்பம் எழுபத்தொரு டிகிரி. இன்றைக்குப் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே குணவதி கவச உடைக்குள் கால்களை நுழைத்தாள்.

உலகம் முடிந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சங்ககிரி மலையைக் குடைந்த சுரங்கத்தில் மீதமிருந்தவர்கள் நாற்பது பேர். அவர்களுக்குக் காற்றைச் சலித்துக் கொடுத்த இயந்திரம் இன்னும் மூன்றே நாள்தான் ஓடும். அதற்குள் நீலகிரிக் குவிமாடத்திலிருந்து மீட்பூர்தி வருகிறது. ஓட்டுநர் கிடையாது, இருக்கைகள் நாற்பது.

"ஆளுக்கொரு சீட்டு இருக்குதுங்க. யாரும் முண்டியடிக்க வேண்டாம்" என்று சுரங்கத் தலைவர் மருதாசலம் முந்தின நாளே மூன்று முறை சொல்லியிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

குணவதியின் கவலை வேறு. கணவர் தனராசுவுக்கு மூச்சிரைப்பு, காலும் இழுக்கும், படியேறி வர நேரமாகும். "சன்னலோரம் கெடச்சா அவருக்குக் கொஞ்சம் காத்து வருமக்கா" என்று பக்கத்து அறைத் துளசிமணியிடம் சொன்னாள். பயணம் முழுக்க ஜன்னல்கள் மூடியே இருக்கும் என்பது இருவருக்கும் தெரியும். துளசிமணிக்கும் ஜன்னலோரம்தான் வேண்டியிருந்தது.

மீட்பூர்தியின் அமைப்பு எளிமையானது, அழகானதும்கூட. வெயிலில் அதிக நேரம் நின்றால் சக்கரங்கள் உருகிவிடும்; ஆகவே ஆட்கள் நிறைந்த கணமே அது கிளம்பியாக வேண்டும். நிறைந்ததை எப்படி அறிவது? கவச உடை முகத்தையும் உடற்சூட்டையும் மறைத்துவிடும். எடை மூட்டைக்கும் உண்டு. ஆனால் வியர்வையின் வாடை மூச்சுத் துளை வழியே கசிந்தே தீரும். ஒருவருடையதுபோல் இன்னொருவருடையது இருக்காது. எனவே ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு மணமானி. நாற்பது இருக்கைகளில் நாற்பது வெவ்வேறு வாடை பதிவானால் பயணம் தொடங்கும்.

ஊர்தி வந்து நின்றது. உள்ளே தேங்கிய வெப்பம் வெளியேறுவதற்காக முதலில் ஜன்னல்கள் திறந்தன. கதவு திறக்க மூன்று நிமிடம் ஆகும்.

துளசிமணிதான் முதலில் தோளிலிருந்த துண்டை உள்ளே வீசினாள். குணவதி இரண்டை வீசினாள், ஒன்று தனராசுவுடையது. பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. மருதாசலம் மட்டும் கூட்டம் சற்று விலகும்வரை பொறுத்திருந்து, பின்வரிசையில் தன்னுடையதைப் போட்டுவைத்தார். ஒருவர் துண்டின்மேல் இன்னொருவர் துண்டு விழவில்லை. அந்த நாகரிகம் உலகத்தோடு அழிந்துவிடவில்லை. சுரங்கத்தில் துணி துவைக்க மாதம் ஒருமுறைதான் தண்ணீர். ஒவ்வொரு துண்டும் உரியவரைவிடத் தெளிவாகவே மணத்தது.

ஜன்னல்கள் மூடிக்கொண்டன.

"நாற்பது பேரும் அமர்ந்துவிட்டீர்கள். அமைதி காத்தமைக்கு நன்றி" என்றது ஊர்தியின் குரல். "சங்ககிரிச் சுரங்கம் காலியானதாகப் பதிவு செய்யப்பட்டது. இனி இங்கே ஊர்தி வராது."

கதவு திறக்கவேயில்லை. ஊர்தி கிளப்பிப்போன புழுதி அடங்கும்வரை முப்பத்தொன்பது பேர் நின்று பார்த்தார்கள்.

நாற்பதாவது ஆள் அப்போதுதான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சுரங்கத்தின் கடைசிப் படியில் ஏறினார். மூச்சு வாங்க, தலை நிமிராமலே கேட்டார்: "எடம் போட்டயா?"

"போட்டுட்டனுங்க" என்றாள் குணவதி. "சன்னலோரம்."