மாறாத பேரிக்காய் வாசம்

காலை எட்டு மணிக்கு அற்புதம் மணிக்கட்டில் அடித்துக்கொண்ட சென்ட், மாலை நாலு மணிக்கும் பேரிக்காயாகவே மணத்தது. டீ டம்ளரை வாங்கும்போதுதான் ஞானமுத்து அதைக் கவனித்தார். டீ கொதித்தது. அதை நீட்டிய மனைவியின் விரல்கள் சில்லிட்டிருந்தன.

அது அப்படி மணக்கக் கூடாது. அந்த சென்ட்டின் போக்கு அவருக்கு அத்துப்படி. மகள் ஜெனிஷா முதல் சம்பளத்தில் காந்திபுரத்தில் வாங்கி வந்த பாட்டில் அது. அடித்ததுமே கையை அவர் மூக்கருகே நீட்டுவாள். "இப்பவே முடிவு பண்ணிராதீங்கப்பா. தோல் சூட்டுல மாறும், பொறுத்துப் பாருங்க." முதலில் ஊட்டிப் பேரிக்காயைக் கடித்தாற்போல் ஈரமான இனிப்பு; அரை மணியில் ஏதோ ஒரு பூ; மதியத்துக்கு மேல் பாலும் சீனியும் சுண்டக் காய்ச்சிய மணம், அதில் அவள் வேர்வையும் கலந்து, கடைசியில் சென்ட் போய் ஜெனிஷா மட்டும் மிச்சமிருப்பாள். லேத்துப் பட்டறை எண்ணெய் நாத்தமே பழகிப்போன மனுஷன், மகளுக்காக இதையும் கற்றுக்கொண்டார்.

மூன்றே நாள் காய்ச்சல். ஐஸ் பெட்டியில் அவளைக் கிடத்தியிருந்தபோது, வந்தவர்கள் வழக்கப்படி வாசனைத் தண்ணி தெளிக்க, அற்புதம் அந்த பாட்டிலைக் கொண்டுவந்து மகளின் இரண்டு மணிக்கட்டிலும் அடித்தாள். சாயங்காலம் கல்லறைக்கு எடுக்கும்வரை பேரிக்காய் பேரிக்காயாகவே இருந்தது. சூடில்லாத தோல். பாதிரியார் ஜெபம் சொல்லும்போது அந்தப் பச்சை வாசத்துக்குத்தான் ஞானமுத்து வாய்விட்டு அழுதார்.

மிச்சத்தை இந்த இரண்டு மாதமாக அற்புதம் தன் கையில் அடித்துக்கொள்கிறாள். நாலு மணி வாக்கில் அவள் கையில் ஜெனிஷா மணப்பாள். அந்தக் கையை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். பாவம், அவர்களுக்கு வேறென்ன இருந்தது?

"ஒடம்பு கிடம்பு செரியில்லையா புள்ள? கை இப்பிடிச் சில்லிட்டுக் கெடக்குது."

"எனக்கென்னுங்க, நல்லாத்தான் இருக்கறேன்."

அற்புதம் சிரித்தாள். மகள் போனபிறகு இதுதான் முதல் சிரிப்பு. மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வாரம் முழுக்க அவள் படுப்பது அங்கேதான்.

சித்திரை வெயிலில் வீடு அனலாகத் தகித்தது. மின்விசிறி கடகடத்தது, சிங்காநல்லூர் பஸ் ஒன்று தெருமுனையில் ஹாரன் அடித்துப் போனது, ஞானமுத்து டீயைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கதவிடுக்கு வழியே, மெல்ல மெல்ல, யாரோ பால் காய்ச்சுகிற மணம் வந்தது. அடுப்பு அணைந்திருந்தது.

பால். சீனி. வேர்வை.

அற்புதத்தின் கையில் இருப்பது பேரிக்காய். அப்படியென்றால் உள்ளே இருக்கிற சூடு யாருடையது?

ஐயோ, திறக்காதே என்றது மனசு. ஒரே ஒரு தடவை பார்த்துவிடு என்றதும் அதே மனசுதான். மகள் கிடைப்பாளா? மனைவி போய்விடுவாளா?

"அற்புதம்?"

கதவில் கை வைத்தார். கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. திறந்தார்.

அற்புதம் சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்து, பாதிக் கட்டிலைக் காலியாக விட்டிருந்தாள். அவள் கை காற்றில் நின்றது, ஓர் உடம்பின் மேல் போட்டதுபோல. பக்கத்துத் தலையணையில் பள்ளம். ஞானமுத்து விரிப்பைத் தொட்டார். காய்ச்சல் சூடு. மூச்சு விடுவதுபோல் விரிப்பு மெதுவாக ஏறி இறங்கியது.

மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். வழுக்கியது. அந்த வெக்கையிலும் அவள் கை முழுக்கப் பொடிப்பொடியாய் நீர்த்துளிகள். அன்று ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் கோத்திருந்தது இப்படித்தான்.

"எந்திரி புள்ள. இந்த ஊடே வேண்டாம். போயரலாம், வா."

"கத்தாதீங்க." உதடு நீலம். "இப்பத்தான் சூடு ஏறுது. இன்னுங் கொஞ்சம் போதுமுங்க. கதவைச் சாத்துங்க. புள்ளைக்குக் குளிரும்."

வெளியே வெயில். பஸ். மனுஷர்கள்.

ஞானமுத்து கதவைச் சாத்தினார். உள்பக்கமாக.

"அம்மணி?" என்று மகளைக் கூப்பிட்டார்.

கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்து உட்காரும் சத்தம். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணிக்கட்டு, சூடாக, அவர் மூக்கருகே வந்து நின்றது. அவர் கண்ணை மூடி ஆழ மூச்சிழுத்தார். கட்டிலோரம் சரிந்து தொங்கிய அற்புதத்தின் விரல் நுனியிலிருந்து, தரையில், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.