காலிப் பெட்டி

சாந்தன்பாறையைத் தாண்டி, அந்த ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு வினோ வந்து சேர்ந்தபோது நல்ல மதியம். ஆனாலும் மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஈர மண்ணோடு ஏலக்காய் வாசம் கனத்துக் கிடந்தது.

யானை வந்தால் குரல் கொடுத்து எச்சரிக்கும் என்று சொல்லி, அவன் கம்பெனி வனத்துறைக்கு விற்ற பெட்டிகளில் ஒன்று லயத்துத் தண்ணீர்த்தொட்டியின் உச்சியில் இருந்தது. போன மாதம் புஷ்பமேரி விறகெடுக்க வெளியே வந்தாள். பெட்டி வாயே திறக்கவில்லை. யானை அவளை மிதித்துக் கொன்றது. நாளைக்கு வனத்துறைச் சோதனை. அதற்குள் வேலை செய்யும் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டு வரச்சொல்லி முதலாளி அனுப்பியிருந்தார்.

ஏணியைப் பிடித்துக்கொண்டவர் செத்தவளின் புருஷன் ஆசீர்வாதம்.

"ரிப்பேரா, தம்பி?"

"ஆமாங்கண்ணா. சின்ன வேலைதானுங்க."

அவர் முகத்தைப் பார்க்காமல் வினோ ஏறினான். மூடியைக் கழற்றினான். பேட்டரி இல்லை, ஸ்பீக்கர் இல்லை. கனத்துக்கு ஒரு சிமெண்டுக் கட்டி மட்டும். வைத்தவன் அவன்தான்.

சட்டென்று காடு அடங்கியது.

பெட்டிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

"ஆனை நிக்குது. கீழ எறங்காதீக."

பெண் குரல். காதோரம் ஈரமாகப் பட்டது.

கீழே ஏணி நடுங்கியது. "மேரி..." என்றார் ஆசீர்வாதம், கிசுகிசுப்பாக. "ஏ மேரி..."

"அண்ணா, மேல வாங்க!"

அவரை இழுத்துப் போட்டதும் பனிக்குள்ளிருந்து கரிய உடம்பு ஒன்று சத்தமில்லாமல் வந்தது. ஏணி முறிந்து விழுந்தது. யானை கொஞ்சநேரம் தொட்டியை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

ஆசீர்வாதம் திறந்த பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார்.

"இதுல ஒண்ணுமே இல்லியே தம்பி. பொறவு எப்பிடிப் பேசுச்சு?"

"தெரியலீங்கண்ணா." வினோ மூடியைக் கீழே வைத்தான். "எதுலயும் ஒண்ணும் வெக்கலீங்க. எல்லாம் வெறும் பெட்டிங்க."

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. பெட்டியில் காது வைத்துக் குனிந்தவர், வனக்காவலர்கள் வந்து இறக்கும்வரை நிமிரவே இல்லை.

காவலர்களிடமும் வினோ அதையே சொன்னான். முதலாளியும் அவனும் கைதானார்கள். ஜாமீனில் வந்த வினோ வாளையாரில் தன் வீட்டோடு முடங்கினான்.

அப்ரூவராகி, முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்லப் புறப்பட்ட காலை. வாசலுக்கு நேரே நெடுஞ்சாலையில் சிமெண்டு லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. செருப்பில் கால் நுழைத்தான்.

பின்னால் ஆளில்லாத அறையில் ஒரு மூச்சு. அதே பெண் குரல்.

"வினோ... வெளிய போகாத."