இருபத்தொரு நாள் தண்ணீர்

ஐப்பசி மழை ஏனாத்தூர் பஸ் நிறுத்தத்தை விளாசிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாதவனோடு ஒரே குடைக்குள் நிற்க லக்ஷணாவுக்குக் கூச்சமாக இருந்தது. தன் தோளை நனையவிட்டு, குடையை அவள் பக்கமே சாய்த்திருந்தான் அவன். பல நாள் தூங்காத கண்கள்... பார்க்காதே என்று மனசை அதட்டிக்கொண்டே பார்த்தாள்.

சுவர் இடிந்து விழுந்த நெசவாளி வீட்டுக்கு எந்த பஸ் என்று அவனிடமே கேட்டாள்.

"எங்க வீடுதாம்மா அது. செத்தது எங்கப்பா."

அந்தச் சுவரின் சுடாத மண்கல் அவள் கண்டுபிடித்த கலவை. செம்மண், மணல், துளி சிமெண்ட். அச்சில் அழுத்தினால் போதும். சூளையும் விறகும் புகையும் வேண்டாம் என்று மூன்று வருஷம் மல்லுக்கட்டியவள். ஊரில் அச்சுப் பிடித்துக் கல் போட்டுக் கொடுத்ததெல்லாம் மேஸ்திரி தேவசகாயம்தான். அதனால் குடை பிடித்து நின்ற இந்தக் குமாரவேலை அவள் பார்த்ததே இல்லை. தான் யாரென்று சொன்னாள். அவன் திட்டவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

மறுநாளிலிருந்து அவள் தினமும் போய், இடிபாட்டைக் கிளறிக் கல்லைச் சோதித்தாள். தண்ணீரில் போட்டால் கரைந்தது. அதே கலவையில் கட்டிய முசரவாக்கத்து வீடோ மழையில் அசையாமல் நின்றது. குமாரவேல் அதிகம் பேசமாட்டான். ஒருநாள் மட்டும், "மண்வெட்டிய பேனா மாதிரி புடிக்கிறீங்களே, மேடம்," என்றான். சிரித்துவிட்டாள்... சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று அன்று முழுக்கத் தன்னையே வைதுகொண்டாள்.

பத்தாம் நாளும் காரணம் பிடிபடாமல் அவள் தோற்றுப்போனாள். கலவை தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தக் கல்லையே தலைமுழுகப் போவதாகச் சொன்னாள்.

குமாரவேல் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"எழுதாதீங்க, மேடம். கல்லு இறுக இருபத்தொரு நாள் தண்ணி ஊத்தச் சொன்னாரு மேஸ்திரி. நான் ரெண்டு நாள்தான் ஊத்துனேன்."

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"கல்லு தறிகிட்ட அடுக்கியிருந்துது. தறியில முகூர்த்தப் பட்டு. ஈரம் ஏறிடுமோன்னு பயந்து நிறுத்திட்டேன். அப்பா கேட்டாரு... ஊத்திக்கினுதான் இருக்கேன்னு சொல்லிட்டேன்."

பட்டை ஈரத்திலிருந்து காத்தே வளர்ந்த கை. அந்தப் பழக்கம்தான் கல்லைச் சாகடித்திருந்தது. இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டாள்.

"முதல்ல பயம். அப்புறம்... சொல்லிட்டா நீங்க வரமாட்டீங்கன்னு. உங்கள பார்க்கணும்னே வாயை மூடிக்கினு இருந்தேன்."

பற்றிக்கொண்டு வந்தது கோபம். பத்து நாளாகத் தன்னைக் கொலைகாரி என்று நினைக்க விட்டானே! அதற்குள் உள்ளறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. அவன் அம்மா தையல்நாயகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். விம்மல் வெளியே வந்தது. அவன் எழுந்திருக்கவே இல்லை.

"போங்க, அம்மாகிட்ட போங்க," என்றாள் லக்ஷணா. "திட்டினா வாங்கிக்கோங்க. அடிச்சாலும் வாங்கிக்கோங்க."

அவன் கதவைத் தொட்டபோது லக்ஷணாவுக்கும் அழுகை முட்டியது.

"நாளைக்கும் வருவேன். கோபம் போயிருக்காது... ஆனா வருவேன். இத்தனை நாளும் நான் கல்லுக்காக மட்டும் வரலை."