மே ஆறாம் தேதி மதிய மணி

நவம்பர் 21. காலை 7.40.

கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் அதன் பட்டு உறை மட்டும் கிடந்தது.

தங்கக் கிண்ணம், படிகக் கால். வருடத்துக்கு ஒரே நாள், நவம்பர் 22-ஆம் தேதிப் பூசைக்கு மட்டும் வெளியே வரும். முந்தின நாளே துடைத்து வைக்கலாம் என்று பெட்டகத்தைத் திறந்த அருட்தந்தை கல்லிஸ்தோ, உறையை உதறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடவில்லை. அது யூபிலி ஆண்டு, யாத்திரிகர் வெள்ளம் ஓயாத வருடம். வத்திக்கானுக்குள் சத்தம் போட யாருக்கும் தெம்பு மிச்சமில்லை.

காலை 8.15.

இன்ஸ்பெக்டர் தாரியோ பென்வெங்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டே அந்தச் சிற்றாலயத்தின் படி ஏறினார். ஜனவரியில் யூபிலிக்காகத் திறந்த திருக்கதவு முன்னால் நெரிசல், தவக்காலத்தில் ஜேப்படிக்காரர்கள், ஆகஸ்டில் வெயிலில் மயங்கி விழுந்த யாத்திரிகர்கள். வருடம் முழுக்க ஒரு ஞாயிறுகூட அவர் வீட்டில் இருந்ததில்லை. டிசம்பர் 31-ல் ஓய்வு. அதற்குள் இது வேறு.

பெட்டகம் உடைக்கப்படவில்லை. சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள். சாவி இருப்பது கோயில்பிள்ளை துல்லியோவிடம். யார் எப்போது வாங்கினாலும், நூல் போட்டுத் தைத்து, பக்க எண் அச்சடித்த புத்தகத்தில் அவர் தன் கையால் எழுதிவைப்பார். இந்த வருடப் புத்தகத்தில் பெட்டகச் சாவிக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது.

'மே 6. மூவேளை செபத்துக்குப் பின். பெட்டகச் சாவி: ஒரேஸ்தே. தூசி தட்ட.'

ஒரேஸ்தே தரை மெழுகுகிறவர். அப்புறம் என்ன யோசனை என்பதுபோல் அருட்தந்தை பார்த்தார். மதியத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று மேலிடத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

காலை 9.05.

ஒரேஸ்தே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மே ஆறு மதியம் எங்க இருந்தீங்க?"

"நாற்காலி தூக்கிட்டு இருந்தேன் ஐயா. சுவிஸ் காவல் பசங்க உறுதிமொழி எடுக்கிற நாள் இல்லையா?"

"யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும்தான் பாத்தாங்க. யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டே அவரே கேட்டார். "வீட்ட எப்ப காலி பண்ணணும்னு மட்டும் சொல்லிடுங்க. என் வீட்டுக்காரி இனெஸுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி பத்து நாள்தான் ஆகுது. அவளால படி இறங்க முடியாது."

மதிலுக்குள் வேலை போனால் குடியுரிமை போகும், வீடும் போகும். இருபத்தாறு வருட வீடு. பென்வெங்கா அவரை வெளியே உட்காரச் சொன்னார்.

காலை 9.40.

துல்லியோ மனைவியை இழந்தவர், ஒரேஸ்தேயின் மேல்வீட்டுக்காரர். ஞாயிறுதோறும் இனெஸ் சமைத்ததில் ஒரு தட்டு அவருக்குப் போகும். ஒரேஸ்தே இப்படிச் செய்வார் என்று நினைக்கவே இல்லை என்றார்.

"புத்தகம் இவ்வளவு சுத்தமா இருக்கே. ஒரு காபிக் கறைகூட இல்ல."

"பத்திரமா வெச்சுக்குவேன் ஐயா."

"போன வருஷப் புத்தகத்தையும் குடுங்க."

அது வந்தது. மெழுகுச் சொட்டு, காபி வளையம், முனை மடிந்த தாள். பென்வெங்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக்கொண்டு ஜனவரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். இரண்டு முறை கண் சொக்கியது. மே மாதம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஏப்ரலுக்குத் திரும்பிப் போனார்.

காலை 11.45.

மூன்று பேரையும் பாத்திர அறைக்குக் கூப்பிட்டார்.

"சாமி, இங்க மதியம்னு யாரும் எழுதறதில்ல. மணி அடிச்சதும் எந்தச் செபம் சொல்றோமோ, அதுதான் நேரம். சரிதானே?"

அருட்தந்தை தலையாட்டினார்.

"உயிர்ப்பு ஞாயிறுலேர்ந்து பெந்தகோஸ்து வரைக்கும் மூவேளை செபம் உண்டா?"

கிடையாது. மே ஆறும் சேர்ந்த அந்த ஐம்பது நாளும் மணி அடித்தால் 'விண்ணக அரசியே, அல்லேலூயா' தான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"போன வருஷம் அந்த வாரங்கள்ல எல்லாம் 'அல்லேலூயாவுக்குப் பின்'னு எழுதியிருக்கு. அதே கையெழுத்து. இந்த வருஷம் ஒரு இடத்துலகூட இல்ல. மே ஆறாம் தேதி நின்னுக்கிட்டு மே ஆறுக்கு எழுதினவர் இப்படி எழுத மாட்டார். இலையுதிர் காலத்துல உக்காந்து, வருஷம் முழுக்க ஒரே மூச்சுல எழுதினவர்தான் எழுதுவார். தச்ச புத்தகம், ஒரு தாளை மட்டும் மாத்த முடியாது. அதனால முழுசா மாத்தியிருக்கீங்க, துல்லியோ."

துல்லியோ மறுக்கவில்லை. சுமை இறங்கினமாதிரி சுவரில் சாய்ந்தார். மே ஆறாம் தேதி காலையிலிருந்து மூன்று பூசைக்குப் பாத்திரம் எடுத்துவைத்துக் களைத்த கை அது. தூசி தட்டும்போது கிண்ணம் நழுவி, படிகக் கால் நொறுங்கியது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பயம். நவம்பர் நெருங்க நெருங்க இன்னும் பயம். பழைய புத்தகத்தில் பெட்டகச் சாவி யாருக்கும் கொடுத்ததாக இல்லை. அப்படியானால் பெட்டகத்தைத் திறந்திருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

"கிண்ணம் எங்க?"

"கிறிஸ்துமஸ் குடில் பெட்டியில. வைக்கோலுக்கு அடியில."

மணி பன்னிரண்டு அடித்தது. நான்கு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். நவம்பர், ஆகவே மூவேளை செபம். முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் துல்லியோதான் தொடங்கினார், பிசகாமல் முடித்தார்.

"வீட்ட எப்ப காலி பண்ணணும் ஐயா?"

இப்போது கேட்டது துல்லியோ. ஒரே நாளில் இரண்டாவது முறை அதே கேள்வி. பென்வெங்காவின் வீட்டிலும் பெட்டிகள் கட்டித்தான் இருந்தன. கிறிஸ்துமஸ் தாண்டட்டும் என்று எழுதிப் பார்க்கிறேன் என்றார். அதற்கு மேல் அவரால் ஆகிறது ஒன்றுமில்லை.

ஒரேஸ்தே தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை இனெஸ் தட்டு குடுத்தனுப்புவா, துல்லியோ. அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."