போட்டு வா

செத்தவீட்டுக் குசினியில் மீன் பொரிகிற வாசனை வந்தது.

சுடலையிலிருந்து திரும்பிக் கிணற்றடியில் தோய்ந்துவிட்டு ஈரவேட்டியோடு நின்ற ஏரம்பு, அது பக்கத்து வளவிலிருந்து வருகிறதாக்கும் என்று தன்னைத்தானே ஏமாற்றப் பார்த்தார். பக்கத்து வளவுக்காரர் சுத்த சைவம்.

ஐந்து மாதத்துக்கு முன், எண்பத்தாறாம் ஆண்டு மாசியில், நெடுந்தீவுக்கு வள்ளமேறிய மகன் தயாபரன் திரும்பவேயில்லை. துப்பாக்கிச் சன்னம் துளைத்த வள்ளம் மட்டும் மண்கும்பானில் கரையொதுங்கியது. உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருச்செய்து கொளுத்துவது வழக்கம். ஏரம்புவுக்கு மனம் கேட்கவில்லை. ஆளை உரித்து வைத்த மாதிரி உருவம் செய்து தீவெல்லாம் பெயரெடுத்த கை, பெற்ற பிள்ளையைப் புல்லாக எரிக்குமா? மெழுகில் வார்த்தார். ஊசியால் ஒவ்வொரு மயிராக நட்டார். மேலுதட்டில் அரும்பிய மீசை, நாடியில் தழும்பு, நகத்துக்குள் ஊத்தை. ஐயரே கிட்டப் போகத் தயங்கினார்.

பாடை வாசல் படலையைத் தாண்டும்போதுதான் தாய் சத்தியபாமா அதைச் சொன்னாள். பள்ளிக்கூடம் அனுப்பிய நாள் முதல் பழகிய வாய்.

"போட்டு வா ராசா."

செத்தவீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'போய் வருகிறேன்' என்று சொல்வதில்லை. பேசாமல் எழும்பிப் போய்விடுவார்கள். பிரேதத்திடம் 'போய் வா' என்று சொல்லலாமா? பெண்கள் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார்கள். சொன்னது சொன்னதுதான்.

ஏரம்பு குசினிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது? துடக்கு வீட்டிலை மீனோ? ஆர் தந்தது?"

"சத்தம் போடாதையுங்கோ. பிள்ளைதான் கொண்டுவந்தவன். பசியோடை இருக்கிறான்."

பாவம், துக்கம் அவளுடைய புத்தியைக் குலைத்துவிட்டது என்று நினைத்து அவருக்கு அழுகை முட்டியது. அப்போது அறைக்குள் யாரோ உட்கார்ந்த கதிரை கிரீச்சிட்டது. உருகிய மெழுகின் மணம். கருகிய மயிரின் மணம். உப்பு மணம்.

"அப்பா..."

அவன் குரல். அதே குரல்.

"விளக்கைக் கொளுத்துங்கோவன். ஒண்டும் தெரியேல்லை."

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சத்தியபாமா அறைக்குள் போய் அதைத் தூக்கி அவன் முகத்தருகே பிடித்தாள். மூடிய இமைகள் துடித்தன. திறக்கப் பார்த்தன. முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்குக் கண் திறக்க ஏலாமல் கிடக்கு. வந்து திறந்து விடுங்கோ."

ஏரம்பு அசையவில்லை. எரிக்கப் போகிற பிள்ளைதானே என்று, அந்த இமைகளுக்குக் கீழே அவர் கண்களே வைக்கவில்லை.

"என்ரை ராசா, அம்மாவைப் பார்" என்று சொல்லிக்கொண்டே, தாய் பெருவிரலால் ஒரு இமையை மெல்ல உயர்த்தினாள்.